ஜவ்வரிசிக் கஞ்சியும் நூற்றைம்பது பெரணியும்

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு லோயிஸ் முன்னறைக்கு வந்து பார்த்தபோது மேசை காலியாக இருந்தது. நாற்காலிகள் காலி. ஜன்னல் திட்டும் காலி. முந்தின நாள் சாயங்காலம் நூற்றைம்பது கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளைப் பரப்பி வைத்திருந்த அறையில் ஒன்றுகூட இல்லை.

"அண்ணீ!"

அந்தச் சத்தத்தில் தபித்தாள் தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டுக் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"உங்கண்ணன்தான் வெடியால இருட்டோடவே எடுத்துட்டுப் போனாரு. பசை காயவே இல்லைன்னு நீ பொலம்பிட்டு இருந்தியே, ஃபாக்டரியில சூட்டுக் காத்து ஊதி இலை வாட்டுற மாடியில வெச்சா ஒரு மணி நேரத்துல காஞ்சிருமாம்."

"ஆரைக் கேட்டு எடுத்தாரு?"

"நல்லாக் கேட்ட போ. அவரு என்னிக்கு ஆரைக் கேட்டாரு?"

லோயிஸ் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள்.

நடந்தது தெரியாமல் இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். பவுல்ராஜ், குன்னூருக்குக் கீழே தேன்மட்டம் எஸ்டேட் ஃபாக்டரியில் இலையைத் தூளாக்கும் வேலையை நடத்துகிற டீமேக்கர். தங்கமான மனிதர். தங்கை லோயிஸுக்கு இருபத்தாறு வயது. சித்திரையில் நிச்சயமாகி ஆனியில் நின்றுபோன கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டோடு இருக்கிறாள். கோயிலுக்குப் போனால் 'பாவம்', கடைக்குப் போனால் 'பாவம்'. அந்தச் சொல் காதில் விழுந்து விழுந்து பொறுக்க முடியாமல் போன பவுல்ராஜ், தாராபுரத்துப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் அவளுக்கு உதவி மேட்ரன் வேலை பேசி, 'திங்கட்கிழமை வந்துவிடுவாள்' என்று கடிதமும் போட்டுவிட்டார். தங்கையைக் கேட்டாரா? கேட்கவில்லை. பாசமுள்ள அண்ணன்மார்களுக்கு இந்த வியாதி உண்டு. பாசம் கூடக்கூட கேட்பது குறைந்துகொண்டே போகும்.

இந்த நேரத்தில்தான் எஸ்டேட் வருஷாவருஷம் வெளிநாட்டுத் தேயிலை வியாபாரிகளுக்கு அனுப்பும் அச்சு அட்டை வந்து சேரவில்லை. லோயிஸ் தன் கையால் செய்து துரை வீட்டு அம்மாவுக்குக் கொடுத்திருந்த ஒரே ஒரு அட்டையைப் பெரிய துரை பார்த்தார். "இதே மாதிரி நூற்றைம்பது. டிசம்பர் ஐந்து, சனிக்கிழமை நாலு மணிக்குள் ஆபீசில் இருக்க வேண்டும். ஏர்மெயில் பை அன்றைக்குக் கிளம்புகிறது" என்றார்.

அன்று சாப்பாட்டு மேசையில் லோயிஸ் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "இதை நான் முடிச்சுக் குடுத்துட்டா, இங்கயே இருந்து இதையே தொழிலாப் பண்றனுங்க. முடியலைன்னா திங்கக்கிழமை வாயைத் தொறக்காம ரயில் ஏறிர்றேன்."

"சரி" என்றார் பவுல்ராஜ். அந்த வாரம் முழுவதும் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

அப்படி என்ன அட்டை என்று கேட்பீர்கள். எங்கள் மலையில் மண்சரிவு ஓரமெல்லாம் ஒரு பெரணி முளைக்கும். மேலே பச்சை, அடியில் மாவு பூசிய வெள்ளை. பிள்ளைகள் அதைப் பறித்துப் புறங்கையில் வைத்துப் பட்டென்று அடிப்பார்கள். எடுத்தால் இலையின் ஒவ்வொரு பல்லும் வெள்ளையாகக் கையில் பதிந்திருக்கும். லோயிஸ் அதைக் கருநீல அட்டையில் பதித்தாள். இருட்டில் ஒற்றைக் கிறிஸ்துமஸ் மரம் பனியோடு நிற்கிற மாதிரி இருந்தது. உள்ளே வெள்ளை மையில் வாழ்த்து எழுதியது தபித்தாள். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் அவள். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

ஒரு தொல்லை. அந்த வெள்ளை வெறும் மாவு. தேய்த்தால் போய்விடும். அதனால் மேலே பசைத் தண்ணீரைத் தெளித்திருந்தாள். மூன்று நாளாக மலையை விட்டு இறங்காத மூடுபனியில் பசை காயவே இல்லை.

அதைத்தான் பவுல்ராஜ் காய வைக்கக் கொண்டு போயிருந்தார்.

டீ ஃபாக்டரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு உலகத்தில் நனைந்த சாமான் எல்லாமே பச்சை இலைதான். பவுல்ராஜ் அந்த மாடியில் மழையில் நனைந்த கம்பளியைக் காய வைத்திருக்கிறார். தபித்தாளின் பள்ளிச் சேலைகளைக் காய வைத்திருக்கிறார். ஒரு தடவை வேதாகமத்தையே காய வைத்து, அது ஆமோஸிலிருந்து மத்தேயு வரைக்கும் ஒட்டிக்கொண்டது தனிக்கதை.

லோயிஸும் தபித்தாளும் மூச்சு வாங்க மாடியேறியபோது அவர் இடுப்பில் கை வைத்துச் சிரித்த முகத்தோடு நின்றார்.

"வா கண்ணு, வா. தொட்டுப் பாரு. அப்பளமாட்டக் காஞ்சிருச்சு."

லோயிஸ் குனிந்து ஒரு அட்டையை எடுத்தாள். அட்டை நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. ஆனால் அதில் பெரணி இல்லை. சூட்டுக் காற்றில் பசை அவசரமாகக் காய்ந்து, பொரிந்து, வெள்ளை மாவையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு உதிர்ந்துவிட்டது. மிச்சத்தை விசிறி ஊதித் தள்ளியிருந்தது. இரண்டாவது அட்டையை எடுத்தாள். வெறும் நீலம். மூன்றாவது, பத்தாவது, முப்பதாவது. எல்லாம் வெறும் நீலம்.

பவுல்ராஜின் சிரிப்பு அப்போதுதான் இறங்கியது.

"என்னாச்சு?" என்றார்.

"என்னாச்சா? நெனச்சது ஆச்சு" என்றாள் தபித்தாள். பத்து வருஷத்தில் அவள் புருஷனிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. "ஏனுங்க, அவ போகோணும்னு அத்தனை அவசரமா உங்களுக்கு? நேரா சொல்லியிருக்கலாமில்ல? இப்படிப் பண்ணித்தான் அனுப்போணுமா?"

"தபித்தாளு! நானா? வேணும்னா பண்ணுனேன்?"

கீழே இலை உருட்டும் மிஷின் பக்கம் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

லோயிஸ் அட்டைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அடியில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு விரல் இடம் விட்டு, வரிசை பிசகாமல் வைத்திருந்தார். ஐந்து மணிக்கு எழுந்து, குளிரில், நூற்றைம்பதையும் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார்.

"அண்ணா வேணும்னு பண்ணலீங்க அண்ணி" என்றாள்.

பவுல்ராஜ் நன்றியோடு அவளைப் பார்த்தார். ஆனால் அவள் முடிக்கவில்லை.

"வேணும்னு பண்ணியிருந்தாச் சண்டையாச்சும் போடலாம். நீங்க பாசத்துல பண்றீங்க. கேக்காமப் பண்றீங்க. தாராபுரத்துக்கு எழுதுனதும் இப்படித்தான், இதைத் தூக்கிட்டு வந்ததும் இப்படித்தான். என்ற வேலையை என்னக் கேட்டுட்டுச் செய்யோணும்னு உங்களுக்கு ஒருக்காக்கூடத் தோணலியே அண்ணா."

அவள் அறைந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தபித்தாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். உள்ளே எழுதியிருந்த வாழ்த்துகள் பத்திரமாக இருந்தன. போனது முகப்பு மட்டும்தான். அடுக்கிக்கொண்டே வந்தவள் ஒரு அட்டையில் நின்றாள்.

"லோயிஸு, இதைப் பாரு. இதுல பாதி இருக்குது."

இருந்தது. கீழ்ப்பாதியில் பெரணி அப்படியே நின்றது. லோயிஸ் விரலால் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். அப்போதும் போகவில்லை. தேடிப் பார்த்ததில் அதுபோல இன்னும் மூன்று கிடைத்தன.

"இது நாலையும் எங்க வெச்சிருந்தேன்? மேசையில எடமில்லைன்னு..." லோயிஸ் கண்ணை மூடி யோசித்தாள். "பதிக்கிறதுக்கு முந்தி, நீங்க சேலைக்குக் கஞ்சி போடுற பலகை மேல கவுத்து வெச்சிருந்தேன். அதுல இருந்த ஈரம் முகப்புல பட்டிருக்குது. அண்ணி, அது என்ன கஞ்சி?"

"ஜவ்வரிசி. எப்பவும் போடுறதுதான்."

"மேல பசை தெளிச்சது தப்பு. அடியில கஞ்சி இருந்தாத்தான் மாவைப் புடிக்கும்!"

மணி எட்டே முக்கால். தபித்தாள் அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டாள். வீட்டில் அடுப்பை மூட்டி ஜவ்வரிசியைக் கொதிக்க விட்டபோது, காலையில் கல்லில் விட்டுப்போன தோசை கரியாகிக் கிடந்தது. அதைச் சுரண்டக்கூட அவளுக்கு நேரமில்லை.

லோயிஸ் அட்டைகளைத் துணியால் துடைத்துச் சுத்தம் செய்தாள். பவுல்ராஜ் சற்றுத் தள்ளியே நின்றார். நூற்றெண்பது ஆளுக்கு வேலை சொல்லுகிறவர், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு அருகில் வந்தார்.

"லோயிஸு. நான் என்ன பண்ணட்டும்? நீ சொல்லு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் அண்ணன் அவளிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"பெரணி வேணுமுங்க அண்ணா. ஒரு இலையில ஒரு பதிப்புத்தான் நல்லா வருது. நூத்தம்பது இலை வேணும், எல்லாம் ஒரே அளவுல. நான் மூணு நாள் அலைஞ்சு பறிச்சது அத்தனையும் தீந்துபோச்சு."

"ஆளைக் கேக்கட்டுமா?"

"கேளுங்க."

டிசம்பர் மாதத்தில் இலை குறைவு. பதினோரு மணிக்கே அன்றைய கொழுந்தை எடை போட்டு முடித்து, பெண்கள் கூடையோடு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பவுல்ராஜ் எடை மேடையில் ஏறி நின்று விஷயத்தைச் சொன்னார். தன் தவறையும் சொன்னார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவரை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும். கட்டாயம் இல்லை, மனமிருப்பவர்கள் வரலாம் என்று முடித்தார்.

"கட்டாயம் இல்லீங்களாமா!" என்று சிரித்தாள் மரகதம். கூடைத் தலைக்கயிற்றை மறுபடியும் நெற்றிக்கு ஏற்றினாள். "ஏனுங்கய்யா, நம்ம பாப்பா காரியம். ரெண்டு இலையும் ஒரு அரும்பும் பறிக்கிற கைக்கு இதென்ன பெரிய வேலையா? வா கருப்பம்மா!"

இருபது பேர் சரிவில் இறங்கினார்கள். நாற்பது நிமிஷத்தில் முதல் கூடை மாடிக்கு வந்துவிட்டது. லோயிஸ் ஆசையோடு கூடைக்குள் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் தளிர். சுருண்டு நிற்கும் இளம் நுனியாகப் பார்த்துப் பார்த்து, நகம் படாமல், அழகாகக் கிள்ளிக் கொண்டுவந்திருந்தார்கள். அடியில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

"மரகதக்கா, கொழுந்து வேண்டாமுங்கக்கா. முத்துன இலைதான் வேணும். முத்துனாத்தான் அடியில மாவு இருக்கும்."

மரகதம் கூடையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். மாடியே அதிரும்படி சிரித்தாள்.

"இருவத்தொரு வருசமா முத்துன எலை பறிச்சாத் திட்டு. இன்னிக்குக் கொழுந்து பறிச்சாத் திட்டு! இந்தக் கைக்குப் பாவம், என்ன தெரியும்? அடியே, எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு நல்ல எலையெல்லாம் கெட்ட எலை!"

கூடையைக் கவிழ்த்துவிட்டு ஓடினார்கள். பன்னிரண்டரைக்கு மறு கூடை வந்தது. லோயிஸ் ஒரு இலையைத் திருப்பினாள். அடியெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கருப்பம்மாள் அதைத் தன் புறங்கையில் ஒரு அடி அடித்துக் காட்டினாள். "பாப்பா, ஏழு வயசுல அடிச்சது. இப்பவும் அப்படியே பதியுது" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த மாடியில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தபித்தாள் கஞ்சியை மெல்லிய துணியால் ஒரே இழுப்பில் பூசுவாள். விரலில் லேசாக ஒட்டுகிற பதம் வந்ததும் அட்டை லோயிஸிடம் நகரும். அவள் பெரணியை வைத்து, மேலே தாள் போட்டு, உள்ளங்கையால் ஒரு அழுத்து. எடுத்தால் நீலத்தில் வெள்ளை மரம் நிற்கும். மரகதம் இலைகளை அளவு பார்த்துப் பிரித்துக் கொடுத்தாள். பதமும் அளவும் அவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

ஒரு மணிக்கு இருபது. ஒன்றரைக்கு நாற்பத்தெட்டு. ஆனால் கஞ்சி காய வேண்டுமே. வெளியே பனி ஜன்னல் கண்ணாடியில் தண்ணீராக வழிந்தது. ஈரத்தோடு அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பவுல்ராஜ் மாடிப்படியில் வந்து நின்றார். மேலே ஏறவில்லை.

"லோயிஸு, ஒண்ணு கேக்கட்டுமா? அனலை அடைச்சுட்டு, வெறும் காத்தை மட்டும் மெதுவா ஓட்டலாம். இலை வாடுறதை நிறுத்தி வைக்கிறதுக்கு அப்படித்தான் பண்ணுவோம். சூடு ஏறாது, ஈரம் மட்டும் போகும். ஆனா நீ சரீன்னாத்தான்."

தபித்தாள் கஞ்சித் துணியோடு நிமிர்ந்தாள். லோயிஸ் கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள்.

"முதல்ல ஒரே ஒரு அட்டையை வெச்சுப் பாக்கலாமுங்க அண்ணா."

ஒரு அட்டையை வைத்தார்கள். விசிறி மெல்லச் சுற்றியது. பத்து நிமிஷம் பவுல்ராஜ் அந்த அட்டையை விட்டுக் கண் எடுக்கவில்லை. தன் சொந்தப் பரீட்சையின் முடிவுக்குக்கூட அவர் அப்படிக் காத்திருந்ததில்லை. லோயிஸ் எடுத்தாள், தேய்த்தாள், உதறினாள், கவிழ்த்துத் தட்டினாள். பெரணி அசையவில்லை.

"ஓட்டுங்க அண்ணா!" என்றாள்.

அவர் படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கி ஓடியதை ஃபாக்டரியே பார்த்தது.

மூன்று மணிக்கு நூற்றிருபது. மூன்றேகாலுக்கு நூற்று நாற்பத்தாறு. மூன்று இருபதுக்குக் கடைசி அட்டையை அழுத்திவிட்டு லோயிஸ் கையை எடுத்தபோது உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது. மரகதம் தலைத்துண்டை அவிழ்த்து வீசினாள். பெண்கள் போட்ட குலவைச் சத்தம் எதிர் மேடு வரைக்கும் கேட்டிருக்கும்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அண்ணனும் தங்கையும் எஸ்டேட் ஆபீசில் பெரிய துரையின் முன்னால் நின்றார்கள்.

அவர் எதையும் லேசில் நம்புகிறவர் அல்ல. கட்டைவிரலால் ஒரு அட்டையை அழுத்தித் தேய்த்தார். விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. இன்னொன்றைத் தேய்த்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தார்.

"முதலில் காட்டியதைவிட இது நன்றாக இருக்கிறதே. அதில் மாவு உதிர்ந்தது. என் மேசையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. யார் செய்தது?"

"என்ற தங்கச்சிங்க சார். லோயிஸ்" என்றார் பவுல்ராஜ். அதோடு நிறுத்திக்கொண்டார்.

"கீழ் எஸ்டேட் துரைக்கும் புத்தாண்டுக்கு அட்டை வேண்டுமாம். காலையில் போனில் புலம்பினார். முந்நூறு. இருபதாம் தேதிக்குள் முடியுமா, பவுல்ராஜ்?"

பவுல்ராஜ் வழக்கம்போல 'செஞ்சுருவோமுங்க சார்' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கிவிட்டுத் தங்கை பக்கம் திரும்பினார்.

"அவளைத்தானுங்க சார் கேக்கோணும்" என்றார்.

லோயிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் கணீரென்று வந்தது.

"முடியுமுங்க சார். அட்டைக்குப் பின்னால என் பேரைப் போட்டுக்குவேன்."

"தாராளமாக" என்றார் துரை.

வெளியே வந்தபோது மூன்று நாள் பனி விலகி, மேற்கே ஒரு துண்டு வெயில் அடித்தது. ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்த இருபது பெண்களும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கருப்பம்மாள் லோயிஸின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். 'பாவம்' என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

"திங்கக்கிழமையிலிருந்து முன்னறை எனக்கு வேணுமுங்க அண்ணா. உங்க நாக்காலியை எடுத்துருங்க" என்றாள் லோயிஸ் நடந்துகொண்டே.

"எங்க போடட்டும்?"

"அதை நீங்களே முடிவு பண்ணிக்கலாம்."

பவுல்ராஜ் வாய்விட்டுச் சிரித்தார். இன்றைக்கே தாராபுரத்துக்கு எழுதி, வேலை வேண்டாமென்று மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றார்.

வீட்டு வாசலில் தபித்தாள் நின்றாள். மறுபடியும் தோசைக் கரண்டியோடுதான் நின்றாள். இன்னொரு கையில் ஒரு தந்தி இருந்தது.

"மூணு மணிக்கே வந்துதாம். அடுத்த ஊட்டுல வாங்கி வெச்சிருந்தாங்க" என்று அதைப் படித்தாள். "தாராபுரத்து விடுதியை நடத்துற ஞானதீபம் அம்மா அனுப்பியிருக்காங்க. லோயிஸைக் கூட்டிப் போறதுக்கு நாளைக்குக் காலை ரயில்ல அவங்களே நேர்ல வாராங்களாம்."

பவுல்ராஜுக்கு முகம் வெளுத்தது. "ஐயையோ, எழுதிக்கூட நிறுத்த முடியாதே. கெளம்பியிருப்பாங்களே! அந்த அம்மா வெறுங்கையோட திரும்பிப் போற ஆளு இல்லியே. இப்ப என்ன பண்றது?"

லோயிஸ் தந்தியை வாங்கி ஒரு தடவை படித்தாள். மடித்து அண்ணன் சட்டைப் பையில் செருகினாள்.

"வரட்டுமுங்க அண்ணா. முந்நூறு அட்டை இருக்குது. கஞ்சி பூச ஒரு கை கொறையுது."